“மேலயா, கீழயா?”: குமுளிக் கொடிக்கடை

குமுளிக் கடைவீதியில் ஏலக்காய்க் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற அந்தக் கொடிக்கடையில் எதைக் கேட்டாலும் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “மேலயா, கீழயா?” மேலே என்றால் கேரளப் பக்கம்: குமுளி, பீர்மேடு, கட்டப்பனை. கீழே என்றால் தமிழ்நாட்டுப் பக்கம்: லோயர் கேம்ப் தாண்டிக் கூடலூர், கம்பம். துணியும் சாயமும் இரண்டுக்கும் ஒன்றுதான். எந்தக் கொடியை எதோடு சேர்த்துக் கட்டித் தருவது என்பதுதான் மலை ஏறினால் மாறும்.

2021 ஏப்ரல் 6 அன்று இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. கம்பத்தில் தி.மு.க. வேட்பாளருக்குப் போன கட்டில் கருப்பு சிவப்பு, காங்கிரசின் மூவர்ணம், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளின் (சி.பி.ஐ., சி.பி.எம்.) செங்கொடி எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். மலைக்கு மேலே பீர்மேட்டில் போட்டியே சி.பி.ஐ.க்கும் காங்கிரசுக்கும்தான். கீழே ஒரே ஜீப்பில் பறக்கவேண்டியவை மேலே எதிரெதிர் ஜீப்பில். இரட்டை இலை அதைவிட வேடிக்கை. கம்பத்தில் அது அ.தி.மு.க.; அந்தத் தேர்தலில் தாமரைக்குப் பக்கத்தில் நின்றது. இடுக்கித் தொகுதியில் அதே இரட்டை இலை கேரள காங்கிரஸ் (எம்) கட்சியுடையது. அரிவாள் சுத்தியலுக்குப் பக்கத்தில் நின்றது. 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணைப்படி மாநிலக் கட்சிக்கு ஒதுக்கிய சின்னம் அந்தந்த மாநிலத்துக்குள்தான் செல்லும் என்பதால் இதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. கேரள காங்கிரஸ் (எம்) பல ஆண்டுகள் காங்கிரஸ் முன்னணியில் இருந்த கட்சி. 2020 அக்டோபரில் இடது முன்னணிக்கு வந்தது. இலையில் ஒரு நரம்புகூட மாறவில்லை.

கட்டுப் பிரிப்பதில் இந்தக் கடையை அடிக்க ஆளில்லை. கொடியில் எது கொள்கை, எது தேர்தல் சின்னம் என்று பிரிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

செங்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். சி.பி.எம். அமைப்புச் சட்டம் சொல்வது இவ்வளவுதான்: சிவப்புத் துணி, நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, நடுவில் வெள்ளையில் குறுக்கிட்ட அரிவாள் சுத்தியல். நட்சத்திரம் கிடையாது. அரிவாள் சுத்தியலோடு நட்சத்திரம் வருவது வாக்குப்பதிவு எந்திரத்தில், தேர்தல் சின்னமாக. கடையில் பாதிக் கொடிகளில் நட்சத்திரமும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. காரணம், சுவரொட்டிக்குச் செய்த ஸ்கிரீன் அச்சுச் சட்டகத்தையே கொடிக்கும் போட்டு இழுத்துவிடுவது. சி.பி.ஐ. கொடியில் தவறு இன்னும் பெரிது: கொடியில் இருக்கவேண்டியது அரிவாள் சுத்தியல், தேர்தல் சின்னமோ கதிர் அரிவாள். இங்கே கதிர் அரிவாளைத் துணி நடுவில் போட்டு வைத்திருக்கிறார்கள். சுத்தியல் ஆலைத் தொழிலாளி, அரிவாள் விவசாயி, இருவரும் சேரவேண்டும் என்பது கொள்கை. அது உலகத்துக்கே பொது. 1964இல் கட்சி இரண்டானபோது இரு கட்சியுமே அதை விடவில்லை. கதிரும் நட்சத்திரமும் வாக்காளர் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று பிரித்தறியத் தேர்தல் ஆணையம் ஏற்ற அடையாளம். “அரிவாள் சுத்தியல் அம்பது குடுங்கண்ணே” என்று மட்டும் சொன்னால் எது வரும் என்று சொல்லமுடியாது. நட்சத்திரம் வேண்டுமா, வேண்டாமா என்பதையும் சொல்லுங்கள்.

கருப்பு சிவப்பிலும் இதே கதை. மேல் பாதி கருப்பு, கீழ்ப் பாதி சிவப்பு என்றால் தி.மு.க. கருப்புத் துணியின் நடுவில் சிவப்பு வட்டம் என்றால் திராவிடர் கழகம். கருப்புப் பாதிக்கும் சிவப்புப் பாதிக்கும் நடுவே அண்ணா உருவம் இருந்தால் அ.தி.மு.க. நிறத்துக்கான விளக்கம் பெரியார் காலத்தது: கருப்பு என்பது மக்களின் இழிநிலை, சிவப்பு என்பது அதைப் போக்கும் முயற்சி. 1944இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியபோது தேர்தலே வேண்டாம் என்று ஒதுங்கியது. 1949இல் பிரிந்த தி.மு.க. 1957இல் தேர்தலுக்குள் வந்தது. ஆகவே வட்டக் கொடிக்குச் சின்னம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. கடைக்காரருக்கும் இது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. வட்டக் கொடியைத் தேர்தல் மாதத்தில் அடுக்குவதில்லை, பெரியார் பிறந்தநாளான செப்டம்பர் 17க்குத்தான் வெளியே எடுக்கிறார். (நீதிக்கட்சி என்பதே வழக்குப் பெயர்தான். 1916இல் தொடங்கிய அமைப்பின் பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அது நடத்திய ‘ஜஸ்டிஸ்’ ஏட்டின் பெயர் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.)

காங்கிரஸ் கொடி வாங்கும்போது கையின் அச்சு துணி நடுவில் வெள்ளைப் பட்டைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இரட்டைக் காளை, பசுவும் கன்றும், கை என்று சின்னம் மாறிவந்த கட்சி அது. 1969இல் பிளந்தபோது காந்தி, நேரு வழியில் நடப்பது நாங்கள்தான் என்று இரு தரப்பும் சொன்னது. அதை அளந்து தீர்ப்புச் சொல்லத் தேர்தல் ஆணையத்திடம் கருவி இல்லை. எம்.பி., எம்.எல்.ஏ., கமிட்டி உறுப்பினர்களில் எந்தப் பக்கம் ஆள் அதிகம் என்று எண்ணிப் பார்த்தது. 1971இல் உச்ச நீதிமன்றமும் அந்த முறையை ஏற்றது. இன்றைக்கும் கட்சி உடைந்து சின்னச் சண்டை வந்தால் தலையைத்தான் பெரும்பாலும் எண்ணுகிறார்கள்.

கடையில் உண்மையிலேயே விலை போகவேண்டிய சரக்கு கல்லாவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் தூசி படிந்து கிடக்கிறது: கட்சிப் பிரசுரங்கள். வாங்குகிறவர்கள் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அரசு யாருக்கானது, நிலமும் ஆலையும் யாரிடம் இருக்கவேண்டும் என்பதெல்லாம் கட்சித் திட்டத்தில் இருக்கும். அது லேசில் மாறாது. சி.பி.எம். திட்டம் 1964இல் எழுதியது, 2000இல்தான் திருவனந்தபுரம் சிறப்பு மாநாட்டில் புதுப்பித்தார்கள். அமைப்பு விதியில் கொடி, உறுப்பினர் கட்டணம், கமிட்டி. தேர்தல் அறிக்கை ஐந்து வருஷச் சரக்கு. கூட்டணிக்கு ஏற்ற மாதிரி உப்புப் புளி கூடும், குறையும். பெரும்பாலோர் மூன்றாவதை மட்டும் படித்துவிட்டு முதலாவதைத் தெரிந்துகொண்டதாக நினைக்கிறார்கள்.

அமைப்பு விதியைப் படித்தும் ஏமாறலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பதிவு கேட்கிற கட்சி எதுவானாலும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கு விசுவாசமாக இருப்போம் என்று தன் விதியில் எழுதியாகவேண்டும். தனியார்மயம் பேசுகிற கட்சியின் புத்தகத்திலும் ‘சோசலிசம்’ இருப்பது இதனால்தான். அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, நில உச்சவரம்பு, கூலி, வரி பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று தேடுங்கள்.

நிலம் என்றால் பீர்மேட்டுக்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. உழுபவனுக்கு நிலம் என்பது கம்யூனிஸ்ட் கொள்கை. 1957இல் கேரளத்தில் வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசு அதைச் சட்டமாக்கப் பார்த்தது. ஆனால் குத்தகை முறையை ஒழித்த சட்டத்திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது முதல்வர் சி.பி.ஐ.யின் அச்சுத மேனன். முட்டுக் கொடுத்தது காங்கிரஸ், எதிர்வரிசையில் சி.பி.எம். கொள்கை ஒரு லேபிளிலிருந்து இன்னொரு லேபிளுக்குத் தாவி நிறைவேறியது. அதே சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிற தமிழ்த் தொழிலாளிக்கு எந்த நிறக் கொடி பிடித்தாலும் தோட்ட நிலம் கைக்கு வராமல் போனது அந்த விலக்கினால்.

முல்லைப் பெரியாறு அணை தலைகீழ்ச் சோதனை. இங்கே கொள்கையும் லேபிளும் ஒன்று, நிலைப்பாடு இரண்டு. கேரள சட்டமன்றம் 2006இல் நீர்மட்டத்தை 136 அடிக்குள் நிறுத்திச் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று அதை ரத்து செய்து 142 அடிக்கு அனுமதி கொடுத்தது. மேலே இருக்கிற தோழர் புதிய அணை கேட்பார், கீழே இருக்கிற தோழர் 142 கேட்பார். இருவர் கையிலும் இந்தக் கடைச் செங்கொடி. காங்கிரஸ்காரர் நிலையும் அதேதான். மார்க்சிலும் காந்தியிலும் அணையின் உயரம் எழுதியிருக்காது. தண்ணீர் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

சரக்கின் தரத்துக்கு வருவோம். காடாத் துணி மலிவு. ஆனால் குமுளி மழைக்கு நனைந்து கம்போடு ஒட்டிக்கொள்ளும், சிவப்பு இறங்கி வெள்ளை அரிவாள் ரோஸ் ஆகிவிடும். வாங்குமுன் ஈரக் கைக்குட்டையால் ஓரத்தை நாலு தேய் தேயுங்கள். நிறம் ஏறினால் வேண்டாம். மழைக்காலத்துக்கு பாலியஸ்டர்தான். 36 அங்குல அகலத் துணியில் கம்பு நுழைகிற மடிப்பு இரண்டரை அங்குலம் தின்றுவிடும், மிச்சம் 33½. ஒன்றரைக்கு ஒன்று என்ற கணக்குக்கு உயரம் 22 அங்குலம் சொச்சம் வரவேண்டும். இவர்கள் பழக்க தோஷத்தில் 24 வெட்டுவதால் கொடி சதுரக் களையோடு நிற்கிறது. சொல்லி வெட்டச் சொன்னால் வெட்டித் தருகிறார்கள். கருப்பு சிவப்பு ஒட்டுக்கு ஒற்றைத் தையல் போட்டால் மலைப்பாதைக் காற்றில் ஜீப் இரண்டு நடை போவதற்குள் நடுவே பிரியும். இரட்டைத் தையல் கேளுங்கள்.

பில் போடும்போதும் “மேலயா, கீழயா?” என்றுதான் கேட்பார். கொடிச் செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறும். 2022 முதல் இரண்டு மாநிலத்திலும் சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். கூட்டணிக் கட்சியின் கொடியானாலும் அந்த வேட்பாளரின் வண்டியில் கட்டினால் அவர் கணக்குத்தான். ஆகவே பில்லை எண்ணிக்கை, அளவு, தேதியோடு தொகுதிவாரியாகத் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். தேதி போட மறந்துவிடுகிறார்கள்.