மாங்காய் மண்டிக் கணக்கில் பைத்தான்: ஒரு சீசன் பயன்படுத்திய அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். கம்ப்யூட்டரில் தெரிந்தது எக்செல், டேலி, அவ்வளவுதான். போன சீசனுக்கு முன்னால், ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல் மொழிக்கான அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். முடித்த கையோடு எழுதினால் எல்லா வகுப்பும் பிரமாதமாகத்தான் தெரியும். அதனால் ஒரு சீசன் முழுக்க மண்டியில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் காசு. வீடியோவும் வாராந்திர அசைன்மென்ட்டும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். 12 வார வகுப்பில் நன்றாகச் செய்த 8 அசைன்மென்ட்டை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று வாரம் போனாலும் குடி முழுகிவிடாது. இதற்கு முன் ஒரு தனியார் செயலியில் டெமோ பார்த்திருந்தேன், பெயர் வேண்டாம். பாடம் நடத்தியதைவிட இஎம்ஐ போட்டுத் தருகிறோம் என்று போன் செய்ததுதான் அதிகம்.

பலரும் முதல் வாரத்திலேயே கழன்றுகொள்வது பைத்தானை நிறுவும் இடத்தில்தான். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்'தில் (கம்ப்யூட்டர் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால், எல்லாம் சரியாக ஏறியிருந்தும் கட்டளை தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட் பைத்தானைக் காணோம் என்று சொல்லும். ஆரம்பத்தில் இந்த வம்பே வேண்டாம். பைத்தான் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. நெட் தகராறு செய்யும் ஊரில் இருப்பவர்களுக்கு பைத்தானோடு கூடவே வரும் ஐடில் என்ற எடிட்டர் போதும்.

ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குகிறவர்கள் வீடியோவின் வேகத்தைக் குறைத்து, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், பழகிவிடும். மிரட்டுவது எரர் மெசேஜ்தான். அதை மேலிருந்து படிக்காதீர்கள். காரணம் கடைசி வரியில் இருக்கும், எந்த வரியில் கோளாறு என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அப்புறம், அசைன்மென்ட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நம் வேலையிலிருந்து ஒரு கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் பாடம் நிற்கும். டைப் செய்யும் எண்ணை இன்புட்டாக வாங்கினால் எழுத்தாகத்தான் வரும் என்று வீடியோவில் சொல்லும்போது தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். 22 கிலோ மாங்காய்ப் பெட்டியையும் 23 கிலோ பெட்டியையும் கூட்டச் சொல்லி, அது 2223 என்று காட்டும்போதுதான் எழுத்தை எண்ணாக மாற்றும் இன்ட் எதற்கு என்று மண்டையில் ஏறும்.

எனக்கு இந்த வகுப்பு எதற்கு உதவியது என்று கேட்டால் ஒரு பில்லைத்தான் காட்டுவேன். 213 கிலோ பெங்களூரா ரக மாங்காய், கிலோ 18.50 ரூபாய். மொத்தம் 3,940.50. மண்டி வழக்கப்படி ஐம்பது காசு வந்தால் அடுத்த ரூபாய், ஆக 3,941. எக்செல்லின் ரவுண்டும் அதையே சொல்லும். பைத்தான் 3,940 என்றது! முதலாளி அண்ணன் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எக்செல் ஒண்ணு சொல்லுது, உன் பைத்தான் ஒண்ணு சொல்லுது. விவசாயிக்கு எதைப்பா குடுக்கறது?" என்றார். தேடிப் பார்த்தேன். சரிபாதியாக வந்தால், இப்போதைய பதிப்பான பைத்தான் 3, பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகிறது. 3,940.50 கீழே இறங்கி 3,940 ஆகும், 3,941.50 மேலே ஏறி 3,942 ஆகும். நிறைய தொகைகளைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கம் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு. நியாயம்தான், ஆனால் மண்டியில் செல்லாது. டெசிமல் என்ற மாட்யூலில் (பைத்தானோடு வரும் தயார் நிரல்) பாதியை மேலே ஏற்றச் சொல்லும் வசதி இருக்கிறது. அதைப் போட்ட பிறகு தாள்கள் ஒத்துப்போயின.

தமிழில் பில் அடிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பைத்தான் 3-இல் 'எடை', 'விலை' என்றே, மதிப்பைச் சேமித்து வைக்கும் மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம், ஓடும். ஆனால் 'மாங்காய்' எத்தனை எழுத்து என்று, நீளம் சொல்லும் லென் போட்டுக் கேட்டால் 8 என்கும். நமக்கு நான்குதான். துணைக்காலையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பில்லில் பெயர்கள் கோணல்மாணலாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்தை நம் கணக்கில் எண்ண ஓபன்-தமிழ் என்ற இலவச நிரல் நூலகம் இருக்கிறது. இதெல்லாம் அறிமுக வகுப்பில் வராது, வர வேண்டும் என்றும் இல்லை. தேடிப் படிக்கும் தெம்பு அங்கிருந்து வந்ததுதான்.

இதை வைத்து ஓசூரிலோ பெங்களூரிலோ ஐடி வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: இது ஒன்றை மட்டும் வைத்துக் கிடைக்காது. சான்றிதழை ரெஸ்யூமில் ஒரு வரியாகப் போட்டுக்கொள்ளலாம். இருக்கிற வேலையில் சாயங்காலம் சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் தாராளமாகச் சேருங்கள்.

வழக்கமாக ஜனவரியிலும் ஜூலையிலும் வகுப்புகள் தொடங்கும். மாங்காய்த் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜனவரி பேட்ச்தான் வசதி. ஜூலையில் சேர்ந்தால் சீசன் பாக்கியை வசூல் செய்வதா, பைத்தானில் லூப் பாடம் படிப்பதா என்று ஆகிவிடும்.