அரியமான் கரையில் ஒரு பாட்டு இரவு

தாமே எழுதித் தாமே பாடும் கிட்டார் பாடகர்களையும், கரைவலை இழுக்கும்போது அம்பா என்னும் தொழிற்பாட்டைப் பாடிப் பழகிய மூத்த மீனவர்களையும் ஒரே மேடையில் அமர்த்திய பாட்டு இரவு ஒன்று மே மாதத்தில் உச்சிப்புளியை அடுத்த அரியமான் கடற்கரையில் நடந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் இப்படியொரு நிகழ்ச்சிக்குக் கூட்டம் வருமா என்று ஐயப்பட்டவர்களுக்கு நிரம்பிய மணல்வெளியே பதிலாக இருந்தது. ஆனால் சொல்லுக்காகவே கேட்க வேண்டிய இந்தப் பாட்டுகளின் சொல் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை.

காலமும் இடமும் நன்கு யோசித்துத் தேர்ந்தவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், இரவில் கடலில் இருக்கும் ஆண்கள் குடும்பத்தோடு வந்து உட்கார முடிந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும் அந்த நாள்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை புரண்டுகொண்டிருக்கும். பாக் விரிகுடாப் பக்கத்தில் உள்ள அரியமானிலோ கடல் குளம்போலக் கிடக்கும்.

அந்தக் காற்றை மேடை அமைத்தவர்கள்தாம் கணக்கில் கொள்ளவில்லை. படம் பிடித்தால் பின்னால் கடல் தெரிய வேண்டும் என்பதற்காக மேடையைக் கரையோரத்தில் போட்டு, ஒலிபெருக்கிகளை நிலத்தை நோக்கித் திருப்பியிருந்தார்கள். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. எதிர்க்காற்றில் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும் என்பதால், முன்வரிசைகளுக்குத் தெளிவாகக் கேட்ட வரி பின்னால் இருந்தவர்களுக்கு வெறும் முனகலாகவே எட்டியது. ஒலி அளவைக் கூட்டினார்கள். கிட்டார்தான் இன்னும் உரத்தது, சொல் தெளியவில்லை. மைக்குக்குப் பஞ்சு உறைகூடப் போடாததால் காற்று அதில் மோதும் ஓசை வேறு. மேடையைத் தென்னந்தோப்புப் பக்கம் மாற்றி, கேட்பவர்களைக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தால், அதே காற்று பாட்டைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். படம் அழகாக வராமல் போகலாம், பாட்டு கேட்டிருக்கும்.

அம்பா பாடிய பெரியவர்கள் முதலில் நாற்காலியில் அமர்ந்து பாடியபோது பாட்டு ஏனோ சோர்ந்தே கிடந்தது. பிறகு அவர்களில் ஒருவர் எழுந்து, மேடை ஓரத்துக் கம்பத்தில் ஒரு கயிற்றைக் கட்டச் சொல்லி, மற்றவர்களைப் பின்னால் நிறுத்தி இழுக்கத் தொடங்கினார். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கும் இடத்தில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கின்றன. மூச்சு விடுவதற்கும் பிடி மாற்றுவதற்கும் அந்தச் சின்ன இடைவெளி வேண்டும். மீன் சேரும் பையான வலையின் மடி கரையை நெருங்க நெருங்க அடிகள் குறுகி வேகம் கூடுவதை, மடியே இல்லாத அந்த மேடையிலும் அவர்கள் காட்டினார்கள். உழைப்போடு சேர்த்துக் கேட்டால்தான் அம்பாவின் தாளம் விளங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை. இத்தகையவர்களைக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் கால் மணி நேரம் பாட வைத்து அனுப்பியது அநியாயம். அவர்களுக்கு இரவின் நடுப்பகுதியைக் கொடுத்திருக்க வேண்டும்.

கிட்டாரோடு வந்தவர்களில் ஆல்ட்-கன்ட்ரி பாணியில் பாடிய இளைஞரே மனத்தில் நின்றார். அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டின் எளிய கதைசொல்லலையும் பங்க் இசையின் முரட்டுத்தனத்தையும் இணைத்த பாணி அது. இலினாய் மாநிலத்தின் பெல்வில் ஊரைச் சேர்ந்த அங்கிள் டுபெலோ குழு 1990இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அந்த இசையின் உயிர், பாடுபவர் தம் ஊரையும் தொழிலையும் பெயர் சொல்லிப் பாடுவதில் இருக்கிறது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றி அவர் பாடியது, இடிந்த தேவாலயமும் மணலில் புதைந்த தண்டவாளமுமாக, சுற்றுலா வந்தவர் எழுதியதுபோல இருந்தது. ஆனால் பாம்பன் பக்கத்துக் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய அடுத்த பாட்டு முற்றிலும் வேறு தரம். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிக்கொள்ளும் துணியை அவிழ்ப்பதில் தொடங்கி, அந்த ஒரு செயலுக்குள்ளேயே ஒரு பெண்ணின் முழு நாளையும் சொல்லி முடித்தார். என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், “இதெல்லாம் இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அந்த இளைஞரும் தாலாட்டுப் பாட வந்த ஒரு மூதாட்டியும் சேர்ந்து பாடினார்கள். மூதாட்டியின் சுருதி எங்கே நிற்கிறது என்று காத்திருந்து கேட்டு, கிட்டார் நரம்புகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை மாற்றும் கவ்வியான கேப்போவைக் கழற்றி இரண்டு கட்டை தள்ளி மாட்டி, நரம்பு நரம்பாகத் தட்டிச் சரிபார்த்துக்கொண்ட பிறகே அவர் வாசிக்கத் தொடங்கினார். “நீங்க பாடுங்க அப்பத்தா, நான் பின்னாடியே வாரேன்” என்று அவர் சொன்னதற்கு ஏற்ப, கிட்டார் எந்த இடத்திலும் முந்தவில்லை. பெரிய மேடைகளில் நாட்டுப்புறக் குரலை இசைக்கருவிகளின் சுருதிக்குள் அடக்கிவிடும் வழக்கத்துக்கு நேர்மாறான அந்தப் பணிவு, டிக்கெட்டுக்குக் கொடுத்த நானூறு ரூபாய்க்கும் தகும்.

அந்தத் தொகைக்குள் சாப்பாடும் அடக்கம். மீன் குழம்பு நன்றாக இருந்தது, கணவாய் வறுவல் ஆறிப்போயிருந்தது, கீழக்கரைத் தொதல் இனிப்பு போதிய அளவில் இல்லை. பெண்களுக்கான கழிப்பறை வெகுதூரத்தில், விளக்கும் இல்லாமல் இருந்ததை அமைப்பாளர்கள் அடுத்த முறை கட்டாயம் திருத்த வேண்டும்.

மீண்டும் நடத்தினால் தயங்காமல் போகலாம். முன்பகுதியில் இடம் கிடைக்கும்படி சற்று முன்னதாகவே சென்று அமருங்கள். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் கடற்கரையிலிருந்து பேருந்து கிடையாது. இராமநாதபுரத்துக்கோ இராமேசுவரத்துக்கோ திரும்புபவர்கள் வண்டி பேசி வைத்துக்கொண்டு செல்வது நல்லது.