ஏசி இல்லாத அறையில் ரைசன் 7 7700எக்ஸ்: ப்ராசஸர் ஏர் கூலரோடு இரண்டு கோடை

மதுரையில் மாடி அறை, ஏசி கிடையாது. தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். என் கம்ப்யூட்டரின் ப்ராசஸர் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 7700எக்ஸ். அதன் பெட்டியில் ப்ராசஸரின் சூட்டை இறக்கும் கூலர் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். கடையில் பம்ப் வைத்துத் திரவத்தைச் சுற்றவிடும் லிக்விட் கூலரைத்தான் முதலில் எடுத்து வைத்தார்கள். நான் கேட்டு வாங்கியது ஃபேன் காற்றால் குளிர்விக்கும் ஏர் கூலர், தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ: இரட்டை டவர் (உலோகத் தகடு அடுக்கு), சூட்டைக் கடத்தும் ஆறு ஹீட் பைப், இரண்டு 120 மி.மீ. ஃபேன்.

லிக்விடோ ஏரோ, எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ப்ராசஸரை வைக்காது. அறையே 38 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். லிக்விடில் பம்ப் போய்விட்டால் பெரும்பாலும் மொத்த யூனிட்டையும் மாற்ற வேண்டும். ஏர் கூலரில் பழுதாவது ஃபேன் ஒன்றுதான், 120 மி.மீ. ஃபேன் எங்கும் கிடைக்கும், மாற்ற ஐந்து நிமிடம். ஆல்பத்தோடு வீடியோவும் நாளைக்கே வேண்டும் என்று பெண் வீட்டார் நிற்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

முதல் மே மாதத்தில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றுவது) போட்டால் ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டது. புதிதாக வாங்குபவர்கள் பலர் இங்கேதான் பயந்துபோய் இன்னும் பெரிய கூலர் தேடுகிறார்கள். தேவையே இல்லை. இந்த வரிசை ப்ராசஸர்கள் 95 வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் ஏஎம்டி வடிவமைத்திருக்கிறது. 5 நேனோமீட்டர் சிப் மிகச் சிறியது, மேலே உள்ள உலோக மூடியோ தடிமன். சூடு கூலருக்கு வந்து சேர்வதற்குள்ளேயே நெரிசல். கூலரைப் பெரிதாக்கினால் அந்த நெரிசல் குறையாது.

சூட்டைக் குறைத்தது பயோஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ்) உள்ள ஈகோ மோட், அதாவது ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு போடும் வசதி. சாதாரணமாக இந்த ப்ராசஸர் 142 வாட் வரை இழுக்கும். 65 வாட் ஈகோ மோடில் உச்சவரம்பு 88 வாட். அதே அறை, அதே மதியம், இப்போது எழுபதுகளில் நிற்கிறது. ரெண்டர் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கிறது. ஒரு டீ குடித்து வரும் நேரத்தில் அது தெரிவதில்லை. ஃபேன் இரைச்சல் நன்றாக அடங்கிவிட்டது, ஹெட்போன் இல்லாமல் ஆடியோ சரிபார்க்க முடிகிறது. காசு செலவில்லாமல் கிடைத்த இந்தப் பலனை வாங்குகிற எல்லோரும் அனுபவிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தூசிதான் நிஜமான எதிரி. சீலிங் ஃபேன் ஓடும் அறையில் இரண்டு டவருக்கு நடுவில் கம்பளி மாதிரி படிகிறது. மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ், பிறகு பிளோயர். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டால் பேரிங் கெடும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்டை இதுவரை மாற்றவில்லை, அவசியமும் வரவில்லை.

வாங்கும் முன் கேபினெட்டின் உள் அளவைப் பாருங்கள். இந்தக் கூலரின் உயரம் 155 மி.மீ. ராம் (மெமரி) உயரமானதாக இருந்தால் முன் ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டியிருக்கும், அப்போது 155 போதாது. ஆர்ஜிபி வண்ண விளக்கு வேண்டாம் என்றால் உயரம் குறைந்த ராமே எடுங்கள்.