ஒரு ஹேட்ச்பேக், ஒரு எம்ஜிபி: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

ஐந்து வருடமாக இரண்டு கார்களையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். ஒன்று 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். இன்னொன்று 1971இல் வந்த எம்ஜிபி ரோட்ஸ்டர், பிரிட்டனில் செய்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார். பார்ப்பவர்கள் அதை விண்டேஜ் என்கிறார்கள். பழைய கார் ஆர்வலர்களின் கணக்கில் 1919 முதல் 1930 வரை வந்த கார்களுக்குத்தான் அந்தப் பெயர்; என்னுடையது வெறும் கிளாசிக். சரி, போகட்டும்.

காகிதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் வேடிக்கை. எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் புதிதாக இருந்தபோது சுமார் 95 குதிரைத்திறன். ஹேட்ச்பேக்குக்கு 83. எடையும் கிட்டத்தட்ட ஒரு டன்தான் இரண்டுக்கும். ஆனால் ஹேட்ச்பேக்கில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கொட்டாவி வரும். எம்ஜிபியில் அதே 60 பறக்கிற மாதிரி இருக்கும். தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம், தலைக்கு மேல் கூரை இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்கூட உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

மைலேஜ் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஹேட்ச்பேக் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது, எம்ஜிபி 10 கொடுத்தால் அதிர்ஷ்டம்.

பராமரிப்புதான் பெரிய கதை. ஹேட்ச்பேக்குக்கு வருடம் ஒரு சர்வீஸ், அவ்வளவுதான். எம்ஜிபிக்குக் காலையில் சோக் இழுத்து, இன்ஜின் சூடாகும் வரை அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களின் டேஷ்பாட்டிலும், அதாவது மேலே உள்ள சின்ன எண்ணெய்க் குழியிலும், எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்சக்கரம் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், ஸ்பார்க் பிளக்கில் பொறி வர வேண்டிய நேரத்தில் திறந்து மூடும் தொடுமுனை. அதைப் பார்க்காமல் ஒத்திப்போட்டேன். ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பாயிண்ட் தேய்ந்து அதன் இடைவெளி அடைத்திருந்தது. இருக்க வேண்டியது 0.4 மில்லிமீட்டர்; கையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு இல்லை. பர்ஸில் இருந்த விசிட்டிங் கார்டை நுழைத்து அளவு வைத்து வீடு வந்து சேர்ந்தேன். ஹேட்ச்பேக் அப்படி நின்றால் பானட்டைத் திறந்து வேடிக்கை பார்க்கத்தான் என்னால் முடியும். ஆனால் அது இதுவரை நின்றதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மழை, இரவுப் பயணம், பின்சீட்டில் குழந்தைகள் என்றால் யோசிக்காமல் ஹேட்ச்பேக் சாவியைத்தான் எடுப்பேன். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத காரில் அடுத்தவரை ஏற்றிக்கொண்டு வீரம் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

போன மாதம் ஹேட்ச்பேக்கில் 50ஐத் தாண்டினால் மெல்லிய ரீங்காரம். வலப்பக்கம் வளையும்போது கூடியது, இடப்பக்கம் வளைந்தால் அடங்கியது. இடது வீல் பேரிங் என்றேன். டயர் சத்தம்தான் என்றார் மெக்கானிக். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான். எம்ஜிபி வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தே இருக்காது. இப்போதெல்லாம் ஹேட்ச்பேக்கிலும் பாட்டுப் போடாமல்தான் ஓட்டுகிறேன். வீட்டில் அதற்குத்தான் சண்டை.