நீர்வண்ணப் படத்துக்கு ஃபோட்டோஷாப்பா, கிம்ப்பா, கைபேசிச் செயலியா?

புகைப்படத்தை நீர்வண்ண ஓவியம்போல் மாற்றி, 12×18 அங்குலத்தில் அச்சிட்டு ஃபிரேம் போட்டுத் தரும் வேலைக்கு, தருமபுரியில் சிறிய ஸ்டுடியோ நடத்தும் நான் ஃபோட்டோஷாப்பையே வைத்துக்கொண்டேன். இன்னொரு படத்திருத்த மென்பொருளான கிம்ப் இலவசம் என்பதும், ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை.

2016இல் வெளிவந்த ப்ரிஸ்மா போன்ற கைபேசிச் செயலிகளில் செய்த படங்களை வாட்ஸ்அப்பில் பகிர்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 1080 பிக்சல் அகலத்தில் சேமித்த படத்தை 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்தான் தேறும். எந்த இடத்தில் வண்ணம் படர வேண்டும் என்று சொல்லவும் அங்கே பெரும்பாலும் வழியில்லை.

வழி தேவைப்படுவது ஏன் என்பதை ஒகேனக்கல் படம் ஒன்றை எடுத்துக்கொண்டாலே விளங்கும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள். மென்பொருளோ அருவியின் நுரையையும் ஒரு நிறமாகக் கருதிச் சாம்பல் திட்டுகளால் நிரப்பிவிடுகிறது. ஃபோட்டோஷாப்பில் ‘வாட்டர்கலர்’ என்ற பெயரிலேயே இருக்கும் ஃபில்டர் (படத்தின் தோற்றத்தை மாற்றும் கருவி), நிழல் அளவை 0 என வைத்தாலும் பாறைகளையும் பரிசலின் அடிப்பகுதியையும் கருக்கிவிடுவதால், நான் அதைத் தொடுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரே படத்தை மூன்று லேயர்களாக்கி (ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகள்), ஒவ்வொன்றிலும் ஒரு ஃபில்டர் போட்டு, அது கீழுள்ளதோடு கலக்கும் விதத்தில் ‘கட்டவுட்’டை லுமினாசிட்டி முறையிலும், ‘டிரை பிரஷ்’ஷை ஸ்கிரீன் முறையிலும், ‘மீடிய’னை சாஃப்ட் லைட் முறையிலும் வைத்து, நுரை விழும் இடங்களை மாஸ்க்கால் (லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) மறைத்து அடியிலுள்ள வெள்ளை லேயர் தெரியும்படி விடுகிறேன். டிரை பிரஷ்ஷின் தூரிகை அளவு 10க்கு மேல் போகாது. 24 மெகாபிக்சல் படத்தில் அந்தத் தீற்றல் கண்ணுக்கே தெரியாது என்பதால், முதலில் 1800×2700 பிக்சலுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அங்குலத்துக்கு 150 பிக்சல் என்பது இவ்வகைப் படத்துக்குப் போதும்.

ஆனால் தேர்வை முடிவு செய்தது படத்தின் அழகு அன்று, முடித்த கோப்பை மறுபடி திறக்கும்போது அது எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதே. “முகம் மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவா இருக்கட்டுங்க” என்று கேட்காத வாடிக்கையாளர் அரிது. கல்யாணப் படம் மாட்டியவர்கள் பிள்ளை பிறந்த பிறகு அதே பாணியில் இன்னொன்று கேட்டு வருவதும் வழக்கம். ஃபோட்டோஷாப்பில் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, அதாவது மூலப் படம் மாறாமல் உள்ளே காக்கப்படும் லேயராக, மாற்றிய பின்பே ஃபில்டர் போட்டிருந்தால், ஒவ்வொரு ஃபில்டரின் அளவுகளையும் எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். அந்த ஸ்மார்ட் ஆப்ஜெக்டையே கன்ட்ரோல்-ஜே கொடுத்து நகலெடுத்திருந்தால் மூன்று லேயர்களுக்கும் மூலம் ஒன்றுதான். ‘ரிப்ளேஸ் கன்டென்ட்ஸ்’ என்ற கட்டளை மூலம் அதே அளவுக்கு வெட்டிய புதுப் படத்தை ஒன்றில் வைத்தால் மற்ற இரண்டும் தாமாகவே மாறிவிடுகின்றன. பிறகு மாஸ்க்கை மட்டும் புதிதாக வரைந்தால் போதும்.

கிம்ப்பில் நான் செய்தவை குறைவுதான் என்றாலும், அதில் சேர்த்துக்கொள்ளும் ஜிமிக் (G'MIC) என்ற செருகுநிரல், அதாவது கூடுதல் கருவித் தொகுப்பு, தரும் ஈரம் கசிந்தது போன்ற விளிம்புகள் ஃபோட்டோஷாப்பைவிட இயல்பாக இருந்தன என்றே சொல்வேன். 2025இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து கிம்ப்பின் சொந்த ஃபில்டர்கள் பலவற்றைப் பின்னர் திருத்தவும் முடிகிறது. ஆயினும் ஜிமிக்கின் விளைவு லேயரோடு கலந்து உறைந்துவிடுகிறது. அளவுகளை நோட்டில் குறித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நகல் சேமித்துக்கொண்டே போக வேண்டும். வீட்டுச் சுவருக்கு ஓரிரு படம் செய்பவருக்கு இது ஒரு சுமையே அல்ல. அவர் சந்தா கட்டவும் தேவையில்லை.

சந்தா நின்றுவிட்டால் நான் புகழும் இந்த வசதியும் அதோடு நின்றுவிடும், ஏனெனில் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைக் கிம்ப்பில் திறந்தாலும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் போட்ட ஃபில்டர்களை அங்கே தொடர்ந்து திருத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் பிஎஸ்டியுடன், அச்சு அளவில் ஒரு டிஃப் (TIFF) படக் கோப்பையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கிறேன்.