கண்ணாடிக்குள் நூறு, வானத்தில் 15 லட்சம்: பயணி வௌவாலை எங்கே பார்ப்பது?

பயணத்தின் நடுவே வௌவால் பார்ப்பதற்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்க முடிந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உயிரியல் பூங்காவிலோ அருங்காட்சியகத்திலோ ஒரு மூலையில் அமைந்திருக்கும் சிறிய இருட்டறைக் காட்சிக்கூடம். மற்றொன்று, குகை வாயிலிலோ பாலத்தடியிலோ காத்திருந்து, அந்தி சாயும் வேளையில் அவை திரளாக வெளியேறுவதைக் காண்பது. பயணிகளிடையே இரண்டாவதற்கே பெயர் அதிகம். முதலாவதை மழை நாளில் பொழுதைப் போக்கும் இடமாகவே பலரும் கருதுகின்றனர். இந்த மதிப்பீட்டில் பாதிதான் நியாயம் இருக்கிறது.

திரளைப் பார்ப்பதற்கு ஈடு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் காங்கிரஸ் அவென்யூ பாலத்தை 1980இல் புதுப்பித்தபோது அதன் அடிப்புறத்தில் அமைந்த குறுகிய இடுக்குகளில் வௌவால்கள் குடியேறின. கோடை உச்சத்தில் அங்கே சுமார் 15 லட்சம் வரை தங்குவதாகக் கணக்கிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவின் கசங்கா தேசியப் பூங்காவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்து சேரும் பழந்தின்னி வௌவால்களின் எண்ணிக்கையோ பல லட்சங்களையும் தாண்டுவது. ஆனால் இக்காட்சிகள் பருவத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆஸ்டின் வௌவால்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் மெக்சிகோவுக்கு வலசை போய்விடுகின்றன. மலேசியாவின் முலு தேசியப் பூங்காவிலுள்ள மான் குகையிலிருந்து லட்சக்கணக்கில் கிளம்பும் திரள், மழை பெய்தால் வெளியே வராமலே இருந்துவிடலாம். ஒரே மாலையை நம்பி வந்த பயணி வெறும் வானத்தைப் பார்த்துத் திரும்ப நேர்வதும் உண்டு.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. திரளில் வௌவாலைப் பார்ப்பதில்லை, திரளைத்தான் பார்க்கிறோம். தொலைவிலிருந்து அது வளைந்து நெளியும் கரும்புகையாகத் தெரிகிறதே தவிர, அந்த உயிருக்கு முகம் உண்டு, கை உண்டு என்பது எங்கும் புலப்படுவதில்லை. இங்குதான் சிறிய கூடம் முந்துகிறது. இறக்கை என்று நாம் சொல்வது உண்மையில் விரல்களுக்கிடையே இழுத்துக் கட்டிய தோல் என்பதையும், அதில் பெருவிரல் மட்டும் கொக்கிபோல் தனித்து நின்று கிளையைப் பற்றுவதையும், தலைகீழாகத் தொங்கிய நிலையிலேயே அது தன்னைத் துப்புரவாக நக்கிச் சுத்தம் செய்துகொள்வதையும் கையெட்டும் தூரத்தில் காண இத்தகைய கூடத்தை விட்டால் பயணிக்கு வேறு இடம் எளிதில் கிடைக்காது.

இக்கூடங்களில் பொதுவாக இரவும் பகலும் மாற்றி வைக்கப்பட்டிருக்கும். இரவில் வெளிச்சம் தந்து தூங்கவிட்டு, பார்வையாளர் வரும் பகலில் மங்கலான விளக்கை மட்டும் வைப்பதால், அவை நம் கண்ணெதிரே விழித்திருக்கின்றன. ஆனால் மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்து, மூன்று நிமிடம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துவிட்டு, "ஒன்றுமே இல்லை" என்று வெளியேறுபவர் குறை சொல்ல வேண்டியது கூடத்தை அன்று. உணவு வைக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, அதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே சென்று நிற்பது நல்லது. கைபேசித் திரையை ஒருமுறை ஒளிரவிட்டாலும் பழகிய கண் வீணாகிவிடும்.

கூடத்தின் பக்கமும் ஒரு குறை உண்டு. பறந்தபடியே பூச்சி பிடிக்கும் வௌவால்களைக் கூண்டில் வளர்ப்பது கடினம். தட்டில் வைத்த பழத்தை உண்பவற்றை வளர்ப்பது எளிது. அதனால் கூடங்களில் பெரும்பாலும் பழந்தின்னிகளே இருக்கின்றன. வௌவால்கள் வழி அறிய எழுப்பும், மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியைப் பற்றிச் சுவரிலுள்ள பலகை நீளமாக விளக்கும். எதிரே தொங்கும் பெரிய பழந்தின்னியோ எதிரொலியால் வழி அறியும் இனமே இல்லை, கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்வது. பல கூடங்களில் உள்ள எகிப்தியப் பழந்தின்னி ஒரு விதிவிலக்கு. அது நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலியால் இருளில் வழி கண்டறிகிறது. பலகையையும் விலங்கையும் பொருத்திப் பார்க்காத பயணி தவறான பாடத்தோடு வெளியேறுவார்.

கூண்டு என்றாலே முகம் சுளிப்பவர்கள் ரோட்ரிக்ஸ் பழந்தின்னியின் கதையை நினைவில் கொள்ளலாம். இந்தியப் பெருங்கடலிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவில் மட்டுமே இயற்கையாக வாழும் இவ்வினம் 1970களில் நூற்றுக்கும் கீழே சுருங்கியிருந்தது. 1976இல் வனவுயிர்ப் பாதுகாவலர் ஜெரால்ட் டரலின் குழுவினர் சிலவற்றைப் பிடித்து வந்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினர். தீவில் காடும் பாதுகாப்பும் மீண்டதால் இன்று அங்கே அவற்றின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்திருக்கிறது. வெளிநாட்டுப் பூங்காக்களில் நாம் காணும் ரோட்ரிக்ஸ் வௌவால்கள் அந்த ஆபத்துக் காலத்தில் தொடங்கிய வளர்ப்பின் வழிவந்தவை. எல்லாக் கூடமும் இப்படிப்பட்டதன்று என்பதும் உண்மையே. பறக்க இடமில்லாத பெட்டியில் வைத்து, கையில் எடுத்துப் படம் பிடிக்கத் தரும் இடமென்றால் நுழையாமல் திரும்பிவிடலாம். வெறிநாய்க்கடி நோயைப் பரப்பும் வாய்ப்பிருப்பதால் வௌவாலைத் தொடுவது எங்குமே தகாது.

குகைக்குள்ளேயே சென்று பார்க்கலாமே என்ற மூன்றாவது யோசனைக்கு நான் இடம் தர மாட்டேன். குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவாலை எழுப்பினால், வசந்தம் வரை தாங்க வேண்டிய கொழுப்பை அது வீணாக எரித்துவிடும். வட அமெரிக்காவில் 2006இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை, மனிதரின் காலணிகளோடும் குகை விட்டுக் குகை பயணிக்கக்கூடியது.

இரண்டையும் ஒரே ஊரில் வைத்து ஒப்பிட விரும்பினால் ஜெர்மனியின் பாட் செகெபெர்க் பொருத்தமானது. அங்குள்ள ஜிப்சக் குன்றின் குகையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அக்டோபர் முதல் மார்ச் வரை குகை பார்வையாளர்களுக்கு மூடப்பட்டுவிடும். அருகிலேயே உள்ள நாக்டாலிஸ் வௌவால் காட்சி மையத்தின் இருட்டறையில் பறப்பவையோ, உள்ளூர்க் குகையைச் சேர்ந்தவை அல்ல. தென் அமெரிக்கப் பழந்தின்னிகள். ஆகவே பகலில் அவற்றின் இறக்கையையும் முகத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, கோடை முடிவில் வந்தவர் அந்தியில் குகைப் பக்கம் போய் நிற்கலாம். தலைக்கு மேல் விரைந்து போகும் நிழலில் விரல்கள் எங்கே இருக்கும் என்பது அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும்.