சிறுகண் புல் வலைகள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மாலை ஏழு மணிக்குப் போட்ட காய்ந்த புல்லை இரவு பத்தரைக்குள் தின்று தீர்த்துவிட்டு, விடியும்வரை மரத்தடுப்பைக் கடித்துக்கொண்டு நிற்கும் குதிரை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பசிக்காக அல்ல, அந்த நீண்ட வெறும் இரவுக்காகவே நான் சிறுகண் புல் வலைகளை, அதாவது புல்லை அடைத்துத் தொங்கவிடும் சிறு துளைகள் கொண்ட வலைப்பைகளை, வாங்கினேன். வலைக்கண்ணின் அகலம் 5 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர், 2.5 சென்டிமீட்டர் என மூன்று வலைகளை ஓராண்டாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். தின்பவை இரண்டு: ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள, நான்கு கால்களிலும் லாடம் அடித்த குதிரை ஒன்று, லாடமே அடிக்காத, மூச்சுக்காற்றிலேயே கொழுத்துவிடுமோ என்று தோன்றும் மட்டக்குதிரை ஒன்று.

குதிரையின் உடல் பெரியது என்றாலும் இரைப்பை சிறியது. 8 முதல் 15 லிட்டர்வரைதான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். இரைப்பையின் மேற்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் கிடையாது என்பதால், பல மணி நேரம் வாய் சும்மா இருந்தால் அங்கே புண் உண்டாக வழி ஏற்படுகிறது. மேய்ச்சல் வெளியில் விடப்பட்ட குதிரை நாளின் பெரும்பகுதியைக் குனிந்து மேய்ந்தே கழிப்பதும், லாயத்தில் கட்டிய குதிரை மூன்று மணி நேரத்தில் தீவனத்தை முடித்துவிட்டுக் கட்டையைக் கடிப்பதும் ஒரே தேவையின் இரு முகங்கள். வலை செய்யும் வேலை இவ்வளவுதான்: ஒரு வாய்க்கு வரும் புல்லின் அளவைக் குறைத்து, தின்னும் நேரத்தை நீட்டுகிறது.

எவ்வளவு நீட்டுகிறது என்பதற்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஓர் அளவுகோலாக உதவுகிறது. ஒரு வேளைப் புல்லைத் தரையில் போட்டபோது குதிரைகள் அதை மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் முடித்தன. 15 சென்டிமீட்டர் கண்ணுள்ள வழக்கமான வலையிலும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆனது. கண் 4.4 சென்டிமீட்டராகச் சுருங்கியபோது ஐந்து மணி நேரமும், 3.2 சென்டிமீட்டரானபோது ஆறரை மணி நேரமும் பிடித்தன. என் லாயத்தில் நான் கண்டதும் இதற்கு நெருக்கமாகவே இருந்தது. ஐந்து கிலோ புல்லை 5 சென்டிமீட்டர் வலை நாலரை மணி நேரம் தாங்கியது. 4 சென்டிமீட்டர் வலை நள்ளிரவைத் தாண்டி ஒரு மணிவரை இழுத்தது. அதே புல்லை இரண்டாகப் பிரித்து, இரண்டு வலைகளில் எதிரெதிர் மூலைகளில் தொங்கவிட்ட பிறகு, குதிரை இங்கொரு வாய் அங்கொரு வாய் என்று உலாவித் தின்பதால், காலையில் போய்ப் பார்க்கும்போது வலையின் அடியில் ஒரு பிடியாவது மிஞ்சியிருக்கிறது.

முதல் வாரம் அது வலையைக் கையாண்ட விதம் வேடிக்கையானது. மூக்கால் முட்டியது, வலை ஊஞ்சலாடித் திரும்பி வந்து நெற்றியில் இடித்தது, காதை மடக்கிக்கொண்டு கயிற்றோடு சேர்த்துக் கடித்து உலுக்கியது. பத்தாம் நாள் வாக்கில் மேலுதட்டைச் சுட்டுவிரல் போலக் குவித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாளின் நுனியைத் தடவிக் கண்டுபிடித்து, முன்பற்களுக்குள் வாங்கி, தலையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிச் ‘சரக்’கென்று உருவக் கற்றுக்கொண்டது. இந்தப் பழகு காலத்தில் வலையோடு சேர்த்துக் கொஞ்சம் புல்லைத் தளர்வாகவும் போட்டுவைப்பது அவசியம். பசியோடு வந்த குதிரையிடம் புதிர் போடுவது நியாயமல்ல.

2.5 சென்டிமீட்டர் வலையைப் பொறுத்தவரை நான் செலவிட்டது வீண் என்றே சொல்ல வேண்டும். மெல்லிய, நீண்ட புல்லாக இருந்தால் ஓரளவு வருகிறது. தண்டு தடித்த புல்லை நிரப்பினால் தாள்கள் குறுக்கே சிக்கிக்கொண்டு வெளியே வருவதே இல்லை. குதிரை நான்கு நாட்கள் அதோடு மல்லுக்கட்டி, பிறகு முன்காலால் தரையைப் பறிக்கத் தொடங்கியது. கட்டையைக் கடிப்பதை நிறுத்த வாங்கிய பொருள் தரையைத் தோண்ட வைத்தால் அதில் என்ன பயன்? குதிரைமசால் போன்ற இலை மிகுந்த தீவனத்துக்கோ எந்தச் சிறுகண் வலையும் சரிப்படவில்லை. இலைகள் நொறுங்கித் தரையில் உதிர, வெறும் தண்டுதான் வலையில் எஞ்சுகிறது.

மூன்றில் ஒன்று முடிச்சுப் போட்டுப் பின்னியது. மற்ற இரண்டும் முடிச்சில்லாமல் நெய்தவை. விளம்பரப் படங்களில் இந்த வேறுபாடு தெரியாது, கையில் எடுத்தால் உடனே தெரியும். முடிச்சு வலை கரடுமுரடானது. உதட்டையும் ஈறையும் தொடர்ந்து உரசுகிறது, நீரில் நனைந்து காய்ந்தால் இன்னும் விறைக்கிறது. முடிச்சில்லாத வலை மென்மையானது, உழைப்பதிலும் குறையில்லை. வாங்குபவர்கள் வலையின் வாயையும் கவனிக்க வேண்டும். குறுகிய வாயுள்ள வலையைத் தனியாளாக நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அகன்ற வாயுள்ளதை ஒரு தொட்டியின் விளிம்பில் மாட்டிவிட்டு மேலிருந்து புல்லை அமுக்கினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனக்கு நேர்ந்த ஒரே ஆபத்து என் கவனக்குறைவால் வந்தது. நிரம்பிய வலை மார்பு உயரத்தில் தொங்கியதைப் பார்த்துத் திருப்தியோடு போய்விட்டேன். காலியானால் அது எவ்வளவு நீளம் இறங்கும் என்று யோசிக்கவில்லை. நள்ளிரவுக்குப் பின் தடதடவென்ற சத்தம் கேட்டு ஓடிப்போனால், குதிரை மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. லாடத்தின் பின்முனை வலைக்கண்ணில் கொக்கி போல மாட்டியிருந்தது. நல்லவேளையாக, வலையை நேரடியாக இரும்பு வளையத்தில் கட்டாமல் இடையில் மெல்லிய சணல் கயிறு ஒன்றைக் கொடுத்திருந்ததால், நான் கத்தியைத் தேடுவதற்குள் அதுவே அறுந்தது. அன்றுமுதல் வலையைக் காலியாகவே முதலில் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். அதன் அடி குதிரையின் முழங்கைக்குக் கீழே வரக்கூடாது. அதற்காக ஒரேயடியாக உயர்த்திக் கட்டினாலும் தூசியும் விதையும் குதிரையின் கண்ணில் விழும், கழுத்தும் முதுகும் இயல்புக்கு மாறாக விறைத்து நிற்கும். லாடமில்லாத மட்டக்குதிரைக்கு இந்தச் சிக்கல் குறைவு என்பதால், தரையோடு பிணைத்த ஆழமான பெட்டிக்குள் வலையை வைத்து, அது தலை குனிந்தே தின்னும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மட்டக்குதிரை பற்றி எழுதும்போது ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். வலை மாட்டிவிட்டால் உடல் இளைத்துவிடும் என்று நானும் எதிர்பார்த்தேன். எந்நேரமும் நிரம்பிய வலையை வைத்தபோது அது பொறுமையாக, இரவு பகலாக உருவி உருவி, முன்பு தின்ற அளவையே தின்று தீர்த்தது. எடையைக் குறைத்தது வலையல்ல, கொக்கித் தராசுதான். நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம் என்பது பொதுக்கணக்கு. 450 கிலோ குதிரைக்கு அது ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ. அந்தக் கணக்கைத் தராசில் பிடித்து, பிறகு வலையில் நிரப்பினால்தான் குறைந்த புல் நெடுநேரம் நிற்கிறது. கொழுத்த மட்டக்குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி எளிதில் வரும் என்பதால், அளவை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்தேன். குதிரையைத் திடீரெனப் பட்டினி போடுவது வேறு கேடுகளைக் கொண்டுவரும்.

புல்லை வலையோடு நீரில் ஊறவைத்து, அதிலுள்ள சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க முடிவது கூடுதல் வசதி. நனைந்த வலையைத் தூக்கும்போதுதான் அதன் எடை தோளுக்குத் தெரியும். வடியவிட்ட பிறகே மாட்டுங்கள்.

ஓராண்டுக்குப் பின் 4 சென்டிமீட்டர் வலையில் ஏழு இடங்களில் நூல் அறுந்திருக்கிறது, அனைத்தையும் வலை தைக்கும் நைலான் நூலால் முடிந்துவிட்டேன். இதில் சோம்பல் கூடாது. ஒருமுறை அறுந்த ஒரு கண்ணை உடனே தைக்காமல் அப்படியே விட்டுவைத்தேன். மறுநாள் இரவே குதிரை அதைக் கண்டுபிடித்து, வேறெங்கும் வாய் வைக்காமல் அங்கேயே வேலை பார்த்து, மூன்றாம் நாள் காலையில் மூக்கு முழுவதும் நுழையும் வாசலாக அதை விரித்துவைத்திருந்தது.